வீட்டுத் தோட்டக் குளத்துக்கு எந்த மீன்?

தோட்டத்து மூலையில் ஆறடிக்கு நாலடி குளம் கட்டி, தண்ணீர் நிரப்பி, அதே வாரத்தில் பத்துப் பதினைந்து மீன் வாங்கி விடுபவர்கள் ஏராளம். பத்து நாளுக்குள் பாதி மீன் மிதக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய் மறுபடியும் வாங்குவார்கள். பெரும்பாலும் மீன் மேல் தப்பிருக்காது. மீன் கடைசியாக வாங்க வேண்டிய பொருள், அதை முதலில் வாங்கியதுதான் தப்பு.

கீழே உள்ளதெல்லாம் 500 முதல் 2,000 லிட்டர் வரை கொள்ளும் சிறு குளங்களுக்கு, தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலுக்கு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு மீன் வகை மாறும். அதை நாலாவது பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

1. முதலில் லிட்டர் கணக்கு

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்குங்கள். லிட்டர் கிடைக்கும். ஆழம் என்பது தண்ணீர் நிற்கும் ஆழம். விளிம்புவரை நிரப்ப மாட்டீர்கள், மூன்று அங்குலமாவது விடுவீர்கள். ஆகவே 2 அடி குளத்தில் தண்ணீர் ஒன்றேமுக்கால் அடிதான். 6 × 4 × 1.75 = 42 கன அடி, அதாவது சுமார் 1,175 லிட்டர். அல்லித்தொட்டி, கற்கள் எல்லாம் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 1,100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணைக் குளத்துச் சுவரிலோ ஒரு நோட்டிலோ எழுதி வையுங்கள். எத்தனை மீன், எவ்வளவு உப்பு, எவ்வளவு மருந்து, எந்த மோட்டார் என்று எல்லாமே இதிலிருந்துதான் வரும். கண்மதிப்பில் மருந்து ஊற்றி மீனைக் கொன்றவர்கள் நிறைய.

ஒன்றரை அடிக்குக் குறைவான ஆழம் வேண்டாம். சித்திரை வெயிலில் அது வெந்நீராகிவிடும். மீன் வாங்குமுன் மூன்று நாள் தொடர்ந்து, மாலை மூன்று மணிக்கு, ஒரு சாண் ஆழத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 32 டிகிரிக்கு மேல் போனால் 50 சதவீத நிழல்வலை கட்டியே ஆக வேண்டும். காலை வெயில் நாலைந்து மணி நேரம் பட்டால் அல்லி பூக்கப் போதும், உச்சி வெயில் மீனுக்கும் வேண்டாம், குளத்துக்கும் வேண்டாம்.

2. உங்கள் தண்ணீர் எது?

குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். திறந்த குளத்தில் வெயில் படும்படி இரண்டு நாள் விட்டால் போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் படிகம், ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் 1,000 லிட்டருக்கு 7 கிராம். வண்ணமீன் கடைகளில் குளோரின் நீக்கும் சொட்டுமருந்து என்று விற்பதிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. பெரிய குளத்துக்குச் சொட்டுமருந்தைவிடப் படிகம் மலிவு.

போர்த் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் பூமிக்கடியிலிருந்து வருவதால் பிராணவாயு மிகக் குறைவு. சில இடங்களில் இரும்பும் இருக்கும், நிரப்பி இரண்டு மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறும். நிரப்பியபின் ஒரு நாள் மோட்டாரை ஓடவிட்டு, குளத்துத் தண்ணீரே உயரத்திலிருந்து மறுபடி குளத்துக்குள் கொட்டும்படி செய்யுங்கள். போர்த் தண்ணீரின் உப்பைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவான டி.டி.எஸ். 1,000 என்று மீட்டர் காட்டினாலும் மோலி மீன் அதில் செழிப்பாக வளரும். கடினத் தண்ணீரைவிடத் திடீர் மாற்றம்தான் மீனைக் கொல்லும். பாதிக் குளத்தை ஒரே நாளில் வேறு தண்ணீரால் மாற்றுவது அப்படிப்பட்ட மாற்றம்.

புதுச் சிமெண்ட் குளம் தனிக் கதை. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து, தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 10-க்கும் மேலே போகும், அதில் எந்த மீனும் தங்காது. நிரப்பி ஐந்து நாள் விட்டு முழுவதும் இறைத்து, உட்சுவரைத் தென்னை நார்த் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புங்கள். நாலு தடவையாவது செய்ய வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு, செய்யலாம். ஆனால் அழுகிய தண்டைக் கடைசி நிரப்பலுக்கு முன் ஒரு துண்டு விடாமல் எடுத்துவிடுங்கள். கடைசி நிரப்பலில் மூன்று நாள் கழித்தும் பி.எச். 8.5-க்குள் நின்றால் குளம் தயார். தார்ப்பாய் விரித்த குளத்துக்கும் ஃபைபர் தொட்டிக்கும் இந்த வேலை கிடையாது, கழுவினால் போதும்.

3. தண்ணீர் பழக ஐந்து வாரம்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குளத்துச் சுவரிலும் கல்லிலும் பில்டர் பஞ்சிலும் வளர வேண்டும். நம் வெயிலுக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இதைத் தாண்டிப் போக எந்தக் குறுக்குவழியும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் தொட்டியிலிருந்து பழைய பில்டர் பஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் இரண்டு வாரம் குறையலாம். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

அம்மோனியா நம் ஊரில் ஏன் இவ்வளவு கொல்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. 30 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் அளவிடும் அம்மோனியாவில் நச்சாக இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே தண்ணீர் பி.எச். 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. சிமெண்ட் குளம், கடின போர்த் தண்ணீர், கோடை மூன்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும்.

ஐந்து வாரம் வெறும் தண்ணீர் நின்றால் கொசுப்புழு வந்துவிடும். நகரங்களில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் பார்க்கிறார்கள், புழு கண்டால் நோட்டீசும் அபராதமும் வரலாம். அதனால் தண்ணீர் நிரப்பிப் பத்து நாள் கழித்து ஐந்தாறு கப்பி மீன் விடுங்கள். புழுவைத் தின்னும், அதன் கழிவிலேயே பாக்டீரியாவும் வளரத் தொடங்கும். தீனி தினம் ஒரு சிட்டிகை போதும், புழு இருந்தால் அதுவும் வேண்டாம். நாலாவது வாரத்திலிருந்து அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதனைத் திரவங்களால் சோதித்து வாருங்கள். இரண்டும் இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை பூஜ்யம் காட்டினால் கடைக்குப் போகலாம்.

4. மேலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

கண்ணாடித் தொட்டியில் மீனைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், குளத்தில் அதன் முதுகைத்தான் பார்ப்போம். கடையில் கண்ணைப் பறித்த நியான் டெட்ரா குளத்தில் இருக்கும் இடமே தெரியாது. ஏஞ்சல் மீன் மேலிருந்து பார்த்தால் ஒரு கருங்கோடு. ஆகவே கடையில் ஒரு வேலை செய்யுங்கள். பிடித்த மீனை ஒரு கறுப்பு வாளியிலோ டப்பிலோ விடச் சொல்லி, நின்றுகொண்டு பார்க்க வேண்டும். முதுகு ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் குளத்திலும் தெரியும்.

சமவெளிக்கு எங்கள் முதல் தேர்வு பிளாட்டியும் மோலியும்தான். சிவப்புப் பிளாட்டி ஒரு விரலளவுகூட இராது, ஆனால் அல்லியிலைக்கு நடுவே இருபது சிவப்புப் புள்ளிகள் நகர்வது தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளை மோலி, ஆரஞ்சு மோலி இரண்டும் அப்படியே. கறுப்பு மோலி திடமான மீன், ஆனால் இருண்ட குளத்தில் காணாமல் போகும். கடினத் தண்ணீர், வெயில், சுமாரான பராமரிப்பு எல்லாவற்றையும் இவை தாங்கும். பாசியைக் கொறிக்கும். விலையும் குறைவு. ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆண்கள் துரத்தித் துரத்திப் பெண் மீன் இளைத்துவிடும். ஏறத்தாழ நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். பெண் மட்டும் வாங்கினாலும் போடும், ஒருமுறை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும்.

அடுத்தது கோராமி. நீல கோராமியும் முத்து கோராமியும் காற்றை நேரடியாக விழுங்கி மூச்சுவிடும் உறுப்பு உள்ளவை. மோட்டார் இல்லாத குளம், அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊர் என்றால் இவற்றைவிட உறுதியான மீன் கிடையாது. முத்து கோராமியின் சுபாவம் சாது. நீல கோராமி ஆண் இனப்பெருக்கக் காலத்தில் மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும், 1,000 லிட்டருக்கு ஒரே ஒரு ஆண் போதும்.

வாய்க்கால்களிலும் குளத்து ஓரங்களிலும் நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்தை ஒட்டியே திரியும் சிறு மீனைப் பார்த்திருப்பீர்கள். கடையில் பஞ்சாக்ஸ் என்பார்கள். நம் மண்ணின் மீன். மேலிருந்து பார்த்தால் அந்தப் பொட்டு மட்டும் விட்டுவிட்டு மின்னும். கொசுப்புழுவைத் தின்பதில் கெட்டிக்காரன். குட்டிகளையும் தின்னும் என்பதால் பிளாட்டி பெருகுவதை ஓரளவு கட்டுப்படுத்தும். துள்ளும் மீன், குளத்தில் விளிம்புவரை தண்ணீர் நிற்கக் கூடாது.

தங்கமீன் வேண்டுமென்றால் கோமெட் அல்லது ஷுபன்கின். ஒற்றை வால், ஒல்லி உடம்பு, நல்ல நீச்சல். மேலிருந்து பார்க்க இதைப்போல அழகு வேறில்லை. ஆனால் மூன்று நிபந்தனை. கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் கோமெட் நல்ல குளத்தில் எட்டு அங்குலத்தைத் தாண்டும். அழுக்கு அதிகம் செய்யும், பில்டர் இல்லாமல் முடியாது. குளிர்நாட்டு வகை, 30 டிகிரிக்கு மேல் தாங்கும் என்றாலும் பிராணவாயு நிறைய வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகப் பிராணவாயு கொள்ளும், 35 டிகிரியில் 7-ஐக்கூட எட்டாது. தேவை கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது. நிழலும் மோட்டாரும் இல்லாத சென்னைக் குளத்தில் கோமெட் விடாதீர்கள்.

மலை ஊர்களில் இது தலைகீழ். அங்கே கோமெட், ரோசி பார்ப், பாரடைஸ் மீன் மூன்றும் வெளியில் சுகமாக இருக்கும். மோலி, கோராமி குளிரில் நோய்ப்படும். ரோசி பார்பை ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக வாங்குங்கள், பாரடைஸ் மீனில் ஆண் ஒன்று மட்டும். கோவை, ஓசூர் போன்ற மிதமான ஊர்களில் ரோசி பார்பும் பிளாட்டியும் ஒன்றாகவே வாழும்.

5. எவ்வளவு சொன்னாலும் வாங்க வேண்டாதவை

கோய். குட்டி விலை குறைவு, அழகு அதிகம், அதனால்தான் எல்லோரும் இதில் விழுகிறார்கள். இரண்டடி வளரும் மீன் அது. நாலடி ஆழமும் பல ஆயிரம் லிட்டரும் பெரிய பில்டரும் இல்லாமல் வளர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

பாசி தின்னும் என்று விற்கும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை வளர்ந்து, பாசியை மறந்து, இரவில் மற்ற மீன்களின் மேல்தோலைச் சப்பும். ஒராண்டா, ரஞ்சு, பலூன் போன்ற உருண்டைத் தங்கமீன்களுக்கு நீச்சல் போதாது, மீன்கொத்திக்கு முதல் இரை அவைதான். திலேபியா ஆறு மாதத்தில் குளத்தையே நிரப்பிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. சிவப்புக்காது ஆமையை மீனோடு சேர்த்து விடச் சொன்னால் கேட்காதீர்கள், மீன்களைக் கடித்தே தீர்த்துவிடும்.

6. எத்தனை மீன், என்ன செலவு

நாம் கணக்கிட்ட 1,100 லிட்டர் குளத்துக்கு இரண்டு வழி. மோட்டார் இல்லாமல், அல்லியும் வேலம்பாசியும் வைத்து: 12 பிளாட்டி அல்லது மோலி, 4 முத்து கோராமி, 6 பஞ்சாக்ஸ். பில்டரோடு: 5 கோமெட், வேறு எதுவும் வேண்டாம். கோமெட்டோடு பிளாட்டி விட்டால் குட்டியெல்லாம் கோமெட் வயிற்றுக்குப் போகும், நட்ட செடியின் வேரும் போகும்.

மோட்டார் குளத்துத் தண்ணீர் முழுவதையும் மணிக்கு ஒரு முறையாவது சுற்ற வேண்டும், அதாவது மணிக்கு 1,000 முதல் 1,200 லிட்டர். 20 வாட் மோட்டார் இரவு பகல் ஓடினால் மாதம் சுமார் 15 யூனிட். அந்த இணைப்பில், மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (ஆர்.சி.சி.பி.) கட்டாயம். தண்ணீருக்குள் கை விடப் போகிறீர்கள், எலக்ட்ரீஷியனிடம் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

செலவில் மீன் சிறு பங்குதான். மோட்டார், பில்டர், நிழல்வலை, சோதனைத் திரவங்கள் எல்லாம் சேர்ந்துதான் ஆயிரக்கணக்கில் வரும். கையில் உள்ள பணத்தை முதலில் அவற்றில் போடுங்கள்.

7. எப்போது, எப்படி வாங்குவது

நல்ல காலம் தை, மாசி. கார்த்திகையில் பெருமழை ஓய்ந்ததும் குளத்தை நிரப்பினால் தை பிறக்கும்போது தண்ணீர் பழகியிருக்கும். கோடைக்கு முன் மீனுக்கு இரண்டு மாதம் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் புதிதாக மீன் வாங்காதீர்கள்.

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது, தெருத்தெருவாக வண்ணமீன் கடைகள். வார நாளில் காலையில் போங்கள். ஞாயிறு கூட்டத்தில் மீனை நின்று பார்க்க விடமாட்டார்கள். வெளியூரிலிருந்து நேற்று வந்து இறங்கிய மீனை வாங்க வேண்டாம். "எப்போ வந்த சரக்குண்ணா?" என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் உண்மையைச் சொல்வார்கள். ஒரு வாரம் கடைத் தொட்டியில் தாக்குப்பிடித்த மீன் நல்ல மீன்.

பார்க்க வேண்டியது இது. துடுப்பை விரித்து நீந்துகிறதா, உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கிறதா? தீனி போடச் சொல்லுங்கள், ஓடி வருகிறதா? அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பையில் போட்டதும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ரவை ஒட்டியதுபோல வெண்புள்ளி இருந்தால் வெண்புள்ளி நோய். துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் ஒரு சிறு நூல் தொங்கினால், அந்த இடம் சிவந்திருந்தால், நங்கூரப் புழு. மண்குட்டையில் வளர்ந்த கோமெட்டில் இது அடிக்கடி வரும். கண்ணாடித் துண்டுபோலத் தட்டையாக ஒன்று உடம்பில் நகர்ந்தால் மீன் பேன். மூன்றில் எது இருந்தாலும் பையோடு திருப்பிக் கொடுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். தேதி, வகை, எண்ணிக்கை எழுதியிருக்கட்டும். நோய் வந்தால் எந்தச் சரக்கில் வந்தது என்று பார்க்க அதைவிட்டால் ஆதாரமில்லை.

8. வீட்டுக்கு வந்ததும்

பையை வண்டிக் கைப்பிடியில் வெயிலில் தொங்கவிடாமல், துணி சுற்றியோ தெர்மாகோல் பெட்டியிலோ கொண்டுவாருங்கள்.

நேரே குளத்தில் விடக் கூடாது. 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, அயோடின் சேர்க்காத கல்லுப்பு 100 கிராம் கரைத்து, காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் போட்டு, மேலே வலை கட்டி, 14 நாள் தனியாக வையுங்கள். தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குளத்துத் தண்ணீரால் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புச் சேருங்கள். வெண்புள்ளி உள்ளே ஒளிந்திருந்தால் இந்த இரண்டு வாரத்தில் வெளியே தெரிந்துவிடும். இருபது ரூபாய் மீனுக்கு இவ்வளவா என்று தோன்றும். குளத்துக்குள் நோய் புகுந்தபின் 1,100 லிட்டருக்கு மருந்து வாங்குவதைவிட இது எளிது.

டப்பில் விடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு மணி நேரப் பயணம் என்றால், மூடிய பையை டப்பில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் டப்புத் தண்ணீராக அரை மணி நேரம் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். நாலைந்து மணி நேரம் பைக்குள் வந்த மீனுக்கு அப்படிச் செய்யாதீர்கள். மூடிய பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா நச்சாகாமல் கிடக்கும். பையைப் பிரித்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா நச்சாக மாறும். வெப்பம் சமமானதும் பிரித்து, உடனே மீனை டப்புக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு முறையிலும் பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

9. முதல் கோடையும் முதல் மழையும்

வாரம் ஒருமுறை விடியற்காலை ஐந்தரை மணிக்குக் குளத்தருகே போய் நில்லுங்கள். இரவெல்லாம் செடிகளும் பாசியும்கூடப் பிராணவாயுவை எடுத்துக்கொண்டிருப்பதால், இருப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். கோராமி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு உடனே கீழே போனால் அது அதன் இயல்பு. பிளாட்டியோ கோமெட்டோ வாயை நீர்மட்டத்தில் ஒட்டி, திறந்து மூடிக்கொண்டு, கை அசைத்தாலும் விலகாமல் நின்றால் மூச்சுத் திணறுகிறது. உடனே மோட்டாரை ஓட்டுங்கள், இல்லையென்றால் வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அன்று தீனி கிடையாது. வெயில் ஏறியதும் நன்றாகிவிட்டதே என்று விட்டுவிடாமல் மீனையோ பாசியையோ குறையுங்கள்.

தீனி நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. சோறு, பொரி, பிரெட் வேண்டாம். வாரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், எடுத்த தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம். செடிகளுக்குப் பூச்சி மருந்து அடித்தால் காற்று குளத்தை நோக்கி வீசக் கூடாது. பைரித்ராய்டு வகை மருந்து துளி விழுந்தாலும் மீனுக்கு எமன். கொசுப் புகை, மருந்து போட வருபவர்களிடமும் குளத்தில் மீன் இருப்பதைச் சொல்லிவையுங்கள்.

மீன்கொத்திக்கும் மடையானுக்கும் ஒரே தடுப்பு வலைதான். பொம்மை வைத்தால் நாலு நாளில் பழகிவிடும்.

ஐப்பசி மழைக்கு முன் வழிநீர்க் குழாய் ஒன்று பொருத்தி அதன் வாயில் மெல்லிய கம்பிவலை கட்டுங்கள். மொட்டைமாடித் தண்ணீர் குளத்தில் விழாமல் திருப்பிவிடுங்கள். வழிநீர் சாக்கடைக்கோ வாய்க்காலுக்கோ போகிற வீடுகளில் வலையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பாருங்கள். பிளாட்டிக் குட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, அந்த ஓட்டை வழியே போய்விடும்.

குட்டிகள் பெருகினால் ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அங்கே இருக்கும் நம் மீன்களின் இடத்தையும் இரையையும் இவை எடுத்துக்கொள்ளும். வாங்கிய கடையிலேயே கேளுங்கள், ஆரோக்கியமான குட்டியைப் பலர் எடுத்துக்கொள்வார்கள். பணமாகத் தரமாட்டார்கள், ஒரு டப்பா தீனி தருவார்கள்.